1.4.3 என்று நான் எழுதிய நாள்

மின்ட் கலர் சிங்கிள் ஜெர்சி, 160 ஜி.எஸ்.எம்., கிட்டத்தட்ட 394 கிலோ. திருப்பூர் பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் ஹாலில், பின்சுவரை ஒட்டி அந்த ரோல்கள் அடுக்கியிருந்ததை 2019-இல் பார்த்தேன். ஆர்டர் முடிந்து சரக்கு தூத்துக்குடிக்குப் போய்விட்டது. துணி மட்டும் நின்றுவிட்டது. சாயம் ஏறிய துணியை யாரிடமும் திருப்பிக் கொடுக்க முடியாது. இன்னொரு பையர் அதே ஷேடு கேட்கும்வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் காதர்பேட்டைப் பக்கம் வந்த விலைக்குத் தள்ளலாம்.

கட்டிங் மாஸ்டர்தான் என்னை வரச் சொல்லியிருந்தார். அறுபதை நெருங்கியவர். திட்டவில்லை. "அம்மிணி, முப்பது வருசமா நானே கணக்குப் போட்டுத்தான் துணி எடுக்கச் சொன்னேன். இத்தனை மிஞ்சுனதே இல்ல. உங்க சாஃப்ட்வேருல என்னமோ மாத்திப்போட்டீங்க. என்னன்னு சொல்லுங்க" என்றார்.

மாற்றியது நான்தான். ஒரே ஒரு வரி. அதைவிடப் பெரிய தப்பு, அந்த மாற்றத்துக்கு நான் போட்ட எண்: 1.4.3. 2.0.0 என்று போட்டிருந்தால் அந்த 394 கிலோ துணி சாயப்பட்டறைக்கே போயிருக்காது. இந்தக் கட்டுரை அந்த எண்ணைப் பற்றியது, அதைப் போடும் வேலையை என் கையிலிருந்து எடுத்து ஒரு இயந்திரத்திடம் ஏன் கொடுத்தேன் என்பதைப் பற்றியது.

நான் எட்டு வருடம் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தவள். பையரோடு மெயில், சாம்பிள், லேப் டிப், பி.பி. மீட்டிங் என்று ஓடிய காலத்திலேயே, ராத்திரிகளில் பைதான் கற்றுக்கொண்டேன். இப்போது பி.என். ரோட்டில் ஒரு மாடி அறையில் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து பனியன் கம்பெனிகளுக்கான கணக்கு நிரல்களை எழுதுகிறேன். நாங்கள் முழு சாஃப்ட்வேர் விற்பவர்கள் அல்ல. லைப்ரரி எழுதுகிறவர்கள்.

லைப்ரரி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் எலாஸ்டிக்கைக் காட்டுவேன். ஜட்டி தைக்கும் கம்பெனி எலாஸ்டிக்கைத் தானே நெய்வதில்லை. அதற்கென்று இருக்கிற எலாஸ்டிக் யூனிட்டில் ரோலாக வாங்கி வைத்துத் தைக்கிறது. ஜிப், பட்டன், லேபிள், பாலிபேக் எல்லாமே அப்படித்தான். சாஃப்ட்வேரிலும் அதே கதை. பில் போடும் நிரல், சம்பளம் போடும் நிரல், துணித் தேவையைக் கணக்கிடும் நிரல் ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு யாரோ எழுதிய தயார் உறுப்புகள் பல இருக்கும். அந்தத் தயார் உறுப்புதான் லைப்ரரி. எங்களுடையதை இந்த ஊரில் சில சாஃப்ட்வேர்க்காரர்கள் தங்கள் நிரலுக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். நாங்களும் மற்றவர்களுடையதை வைத்துத் தைக்கிறோம். தமிழில் சம்பளச் சீட்டு அச்சிடும்போது எழுத்துகளைச் சரியாக எண்ண, எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த ஓப்பன் தமிழ் லைப்ரரியை எடுத்துக்கொண்டோம். 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறியீடு. அந்தத் தலைவலியை இன்னொருவர் ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கும்போது நாங்கள் ஏன் மறுபடி தீர்க்க வேண்டும்?

இப்போது எலாஸ்டிக்காரர் 25 மில்லிமீட்டர் அகலத்தை 32 ஆக்கிவிட்டு, அட்டைப்பெட்டியில் பழைய நம்பரையே ஒட்டி அனுப்புகிறார் என்று வையுங்கள். ஸ்டோர்காரர் நம்பரைப் பார்த்து உள்ளே எடுத்துக்கொள்வார். டெய்லர் மெஷினில் ஏற்றியபின்தான் விஷயம் தெரியும். நான் செய்தது இதைத்தான்.

ஒரு டீ-சர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி வேண்டும் என்பது இந்த ஊரில் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேரும் எவரும் முதலில் கற்கும் கணக்கு. பாடி நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 6. கூட்டினால் 100. நெஞ்சு அகலம் 54, அதற்கு அலவன்ஸ் 2, ஆக 56. முன்னும் பின்னும் இருப்பதால் இரண்டால் பெருக்க வேண்டும். 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 160 கிராம்) துணி என்றால் அதையும் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் 179.2 கிராம். இது நிகர எடை. கட்டிங் வேஸ்டேஜ் பத்து சதவீதம் சேர்த்தால் 197 கிராம் சொச்சம்.

என் லைப்ரரி 1.4.2 வரைக்கும் நிகர எடையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது. வேஸ்டேஜைச் சேர்ப்பது அதை வாங்கிப் பயன்படுத்தும் நிரலின் பாடு. ஒரு புதிய வாடிக்கையாளர், "வேஸ்டேஜையும் நீங்களே சேர்த்துக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டார். நியாயமாகப் பட்டது. ஒரு வரி எழுதி, ராத்திரி பதினொரு மணிக்கு 1.4.3 என்று எண் போட்டு வெளியிட்டுவிட்டுத் தூங்கப் போனேன். பல்லடம் ரோடு கம்பெனியின் நிரல், கடைசி எண் மட்டும் ஏறியிருந்தால் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே தன் பங்குக்குச் சேர்த்துவந்த பத்து சதவீதத்தை, நான் சேர்த்து அனுப்பிய எண்ணின் மேல் மறுபடி சேர்த்தது. 197 கிராம் 217 கிராமாகிவிட்டது. இருபதாயிரம் பீஸ். வித்தியாசத்தை நீங்களே பெருக்கிப் பாருங்கள். துணி எடுக்கும் முன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது அந்தக் கம்பெனியில் எப்போதோ நின்றுபோயிருந்தது. திரையில் வருவதே கணக்கு என்று ஆகியிருந்தது. எந்த நிரலும் நிற்கவில்லை, எந்தச் சிவப்பு எழுத்தும் வரவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது.

கம்பெனி என்னிடம் நஷ்டஈடு கேட்கவில்லை. இரண்டு வருடப் பராமரிப்புத் தொகையை நானே வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் மாஸ்டர் கேட்ட கேள்வி மட்டும் போகவில்லை. என்ன மாற்றினேன் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்ல எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. அது அந்த மூன்று எண்கள். அதைத்தான் தூக்கக் கலக்கத்தில் போட்டிருக்கிறேன்.

அந்த மூன்று எண்களுக்கும் உலகம் ஒப்புக்கொண்ட ஒரு பொருள் இருக்கிறது. கிட்ஹப் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் இதற்கான விதிகளை எழுதினார். 'செமாண்டிக் வெர்ஷனிங்' என்று பெயர். 2013-இல் வந்த அதன் 2.0.0 வடிவம்தான் இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுவது. கடைசி எண் ஏறினால் பழுது பார்த்திருக்கிறோம், உங்கள் வேலை எதுவும் மாறாது. நடு எண் ஏறினால் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறோம், பழையது அப்படியே இருக்கிறது. முதல் எண் ஏறினால் பழையது மாறிவிட்டது, பார்க்காமல் எடுக்காதீர்கள். முதல் எண் பூஜ்யமாக இருந்தால் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது, எதுவும் மாறலாம்.

திருப்பூர்க்காரருக்கு இதைப் புரிய வைக்க மெனக்கெட வேண்டியதில்லை. ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பி.பி. சாம்பிள் என்று ஒவ்வொரு படியிலும் டேக் மாறுவதைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. பையர் கையெழுத்துப் போட்டு சீல் வைத்த சாம்பிளைப் பிரித்து, காலரை அரை சென்டிமீட்டர் ஏற்றித் தைத்து, அதே டேக்கை மறுபடி கட்டுகிற துணிச்சல் யாருக்கும் வராது. செமாண்டிக் வெர்ஷனிங்கிலும் அதே சட்டம். ஓர் எண்ணில் வெளியிட்டுவிட்டால் அந்த எண்ணுக்குள் கை வைக்கக் கூடாது. எழுத்துப் பிழை என்றாலும் அடுத்த எண்தான். பைதான் லைப்ரரிகளை வாங்கி வைக்கும் பைபிஐ களஞ்சியம் ஒருமுறை ஏற்றிய கோப்பை அதே பெயரில் மறுபடி ஏற்ற விடாது. நீக்கினாலும் அந்தப் பெயர் திரும்பக் கிடைக்காது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் தடுக்கி விழுகிற இடம் இது. 1.9-க்கு அடுத்தது 1.10. தசமம் அல்ல இவை, புள்ளி வைத்துப் பிரித்த தனித்தனி எண்கள். எக்செலில் 1.10 என்று அடித்தால் அது பூஜ்யத்தை விழுங்கி 1.1 ஆக்கிவிடும். ஒரு கணக்குப்பிள்ளை, புதியதை விட்டுவிட்டு எட்டு மாதம் பழையதைப் போட்டுக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

சரி, விதி தெரிந்த பிறகும் மனிதர் ஏன் தப்பாக எண் போடுகிறார்? எனக்குத் தெரிந்து, முதல் எண்ணை ஏற்றக் கூச்சம். 2.0.0 என்று போட்டால் வாடிக்கையாளர் போன் செய்வார், "என்ன மாத்துனீங்க, எங்களுக்கு வேலை வைக்கறீங்களா?" என்பார். 1.4.3 என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். விற்பனை ஆசையும் உண்டு, அது நேர் எதிர்ப்பக்கம் இழுக்கும். பிரமாதமாக ஒன்றும் மாறியிருக்காது, ஆனால் தீபாவளி விற்பனைக்கு '5.0' என்று அட்டையில் போட வேண்டும் என்பார்கள். பிரோஷரில் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். லைப்ரரியின் எண் பெயர் அல்ல, அதை நம்பி இன்னொருவர் துணி எடுக்கிறார்.

அதனால் எண் போடும் அதிகாரத்தையே விட்டுவிட்டேன். 'செமாண்டிக் ரிலீஸ்' என்ற திறந்த மூலக் கருவி ஒன்று உண்டு, பைதானுக்கும் அதன் வடிவம் கிடைக்கிறது. அது வேலை செய்யும் விதம் எளிமையானது. நிரலில் ஒவ்வொரு திருத்தத்தையும் சேமிக்கும்போது ஒரு வரிக் குறிப்பு எழுதுகிறோம். அந்தக் குறிப்பு ஒரு குறிச்சொல்லோடு தொடங்க வேண்டும். 'ஃபிக்ஸ்' என்றால் பழுது, 'ஃபீட்' என்றால் புது வசதி. பழையதை உடைக்கும் மாற்றம் என்றால் குறிச்சொல்லை ஒட்டி ஓர் ஆச்சரியக்குறி. வெளியிடும் நேரத்தில் கருவி, போன முறைக்குப் பிறகு எழுதிய குறிப்புகளையெல்லாம் படிக்கும். ஆச்சரியக்குறி ஒன்று இருந்தாலும் முதல் எண் ஏறும். இல்லாமல் 'ஃபீட்' இருந்தால் நடு எண். 'ஃபிக்ஸ்' மட்டும் என்றால் கடைசி எண். அதே குறிப்புகளைத் தொகுத்து 'இந்த முறை என்ன மாறியது' என்ற பட்டியலையும் எழுதி, எண்ணைப் பொறித்து, வெளியே அனுப்பிவிடும். ராத்திரி பதினொரு மணி என்பதும் வாடிக்கையாளர் கோபிப்பார் என்பதும் அதற்குத் தெரியாது.

ஆனால் இது பாதிதான். யோசித்துப் பாருங்கள், 2019-இல் இந்தக் கருவி என்னிடம் இருந்திருந்தாலும் அந்த வேஸ்டேஜ் மாற்றத்துக்கு நான் 'ஃபிக்ஸ்' என்றுதான் எழுதியிருப்பேன். இயந்திரம் என் தப்பை நம்பி 1.4.3 என்றே பொறித்திருக்கும். குறிப்பை எழுதுகிற கை என்னுடையதுதானே.

எல்ம் என்றொரு நிரல்மொழி இருக்கிறது. அதன் பேக்கேஜ் கருவி, குறிப்பை நம்பாமல் பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். வெளியே தெரியும் பெயர்களும் அவை வாங்கித் தரும் தரவு வகைகளும் மாறியிருக்கின்றனவா என்று பார்த்து, எந்த எண் ஏற வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கும். ரஸ்ட் மொழியிலும் இப்படிப் பார்க்க ஒரு கருவி உண்டு. அருமையான வேலைதான். ஆனால் என் 394 கிலோவை அதுவும் பிடித்திருக்காது. என் நிரல் முன்பும் ஓர் எண்ணைத் தந்தது, பின்பும் ஓர் எண்ணையே தந்தது. பெயர் அதே, வகை அதே. மாறியது அர்த்தம். டேக் சரி, தையல் சரி, அளவு தப்பு. அதைக் கண்டுபிடிக்க டேப் வைத்து அளந்தாக வேண்டும்.

அந்த டேப்பைக் கொடுத்தவர் கட்டிங் மாஸ்டர். தன் மேசையிலிருந்து நீளவாக்கில் மடித்த ஒரு கணக்கு நோட்டை எடுத்தார். ஓரம் முழுக்க சாக்பீஸ் தூள். அவர் வெட்டிய ஸ்டைல்கள் பக்கம் பக்கமாக இருந்தன. இடப்பக்கம் அளவுகள், ஜி.எஸ்.எம்., டயா. வலப்பக்கம் அடிக்கோடிட்டு, ஒரு பீஸுக்கு உண்மையில் ஆன துணி. ரவுண்ட் நெக், போலோ, குழந்தைகள் ரோம்பர், ட்ராக் பேன்ட். சில பக்கங்களில் 'காம்பாக்டிங் சரியில்லை' என்று பென்சிலில் ஓரக் குறிப்பு. "கொண்டுபோயி உங்க கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுங்க. ஆனா நோட்டு திரும்பி வந்தாகணும்" என்றார்.

மூன்று வாரம் உட்கார்ந்து, அதிலிருந்து அறுபத்தி நான்கு ஸ்டைல்களை நிரலுக்குள் சோதனைகளாக ஏற்றினேன். இன்ன அளவு கொடுத்தால் இன்ன விடை வர வேண்டும், அவ்வளவுதான். செக்கிங் டேபிளில் டேப்பும் மெஷர்மென்ட் சார்ட்டும் வைத்திருக்கிறோமே, அதே வேலை. கருவியோடு ஒரு விதியையும் கட்டிவிட்டோம். எண் போடும் முன், புதிய நிரல் மாஸ்டர் நோட்டின் எல்லாக் கணக்குகளையும் போட்டுப் பார்க்கும். ஒரே ஒரு விடை மாறினாலும், நான் குறிப்பில் 'ஃபிக்ஸ்' என்று சத்தியம் செய்திருந்தாலும், கடைசி எண்ணை ஏற்ற விடாது. வெளியீடு நின்றுவிடும். ஆச்சரியக்குறி போட்டுக் காரணம் எழுதி, முதல் எண்ணை ஏற்ற ஒப்புக்கொண்டால்தான் கதவு திறக்கும்.

இந்த ஏற்பாட்டை 2020-இல் முடித்தோம். அடுத்த வருடமே அதற்குள் அடங்காத ஒரு சிக்கல் வந்தது.

துணிக்கும் ஆடைக்கும் 2022 ஜனவரி 1 முதல் 12 சதவீத ஜி.எஸ்.டி. என்று 2021 நவம்பரில் அறிவிக்கை வந்ததும் ஊர் கொதித்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதுவரை ஆயிரம் ரூபாய்க்குள் இருக்கும் ஆடைக்கு 5 சதவீதம்தான். டிசம்பர் கடைசி வாரத்தில் புதிய விகிதத்தை நிரலில் எழுதி வெளியிட்டோம். டிசம்பர் 31 அன்று டெல்லியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், ஜவுளிக்கான உயர்வைத் தள்ளிவைத்தது. வெளியிட்ட எண்ணை அழித்தும் பயனில்லை. வாங்கியவர் கணினியில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. பழைய விகிதத்துக்குத் திரும்ப வேண்டும் என்றாலும் புதிய, கூடுதலான எண்ணில்தான் திரும்ப முடியும். புத்தாண்டு ராத்திரியை அதிலேயே கழித்தோம்.

அன்றுதான் புரிந்தது, வரி விகிதம் நிரலே அல்ல. அது நாள் பார்த்து மாறும் அட்டவணை. அதைத் தனியே பிரித்தெடுத்து, அதற்கு மட்டும் தேதியையே எண்ணாக வைத்தோம். இதுவும் உலகில் வழக்கத்தில் உள்ளதுதான். உபுண்டு இயங்குதளத்தின் 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வந்தது என்று பொருள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 என்று ஆனபோது, 2025.09.22 என்ற பெயரில் ஓர் அட்டவணை மட்டும் போனது. நிரலின் மூன்று எண்களில் ஒன்றுகூட அசையவில்லை. அரசாங்கமும் வெர்ஷன் எண் போடும் பழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆண்டு வியாபாரம் 5 கோடியைத் தாண்டிய கம்பெனிகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமான இ-இன்வாய்ஸை எடுத்துப் பாருங்கள். அரசின் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு பில்லுக்குள்ளும் 'வெர்ஷன் 1.1' என்று ஒரு வரி இருக்கிறது. அச்சில் தெரியாது, உள்ளே இருக்கும்.

நாங்கள் ஜி.எஸ்.டி.யோடு மல்லுக்கட்டிய அதே டிசம்பர் 2021-இல்தான் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் பெரிய ஓட்டை வெளிவந்து உலகமே பதறியது. 2.15.0 வந்தது, போதவில்லை என்று 2.16.0, பிறகு 2.17.0, 2.17.1. எல்லாம் ஒரே மாதத்துக்குள். எங்கள் ஊரிலும் சில அலுவலகங்களில் விடிய விடிய ஒரே கேள்வி: "உங்ககிட்ட இருக்கறது எந்த நம்பர்?" பதில் சொல்ல முடிந்தவர்கள் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சொல்ல முடியாதவர்கள் ஒவ்வொரு கணினியாகத் திறந்து தேடினார்கள்.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் முதல் வாரம் 'ஃபிக்ஸ்: சின்னச் சின்ன மாற்றங்கள்' என்று குறிப்பு எழுதினான். இயந்திரம் ஏற்றுக்கொண்டது. நான் ஏற்றுக்கொள்ளவில்லை. "கண்ணு, மாஸ்டர் போன் பண்ணி என்ன மாத்துனீங்கன்னு கேட்டா இதையே படிச்சுக் காட்டுவியா?" என்று கேட்டேன். அழித்துவிட்டு, 'ஃபிக்ஸ்: டயா காலியாக இருந்தால் நிரல் நின்றுவிடுவது சரிசெய்யப்பட்டது' என்று எழுதினான். அந்த ஒரு வரியை எந்தக் கருவியும் நமக்காக எழுதித் தராது.

மாஸ்டரின் நோட்டைச் சொன்னபடி திருப்பிக் கொடுத்துவிட்டேன். லைப்ரரி இன்று 3.6.1-இல் நிற்கிறது. வேஸ்டேஜைச் சேர்த்துத் தரும் கணக்கு 2.0.0-இல் முறையாக வந்தது. வெளியிடுவதற்கு ஒரு வாரம் முன்பே பல்லடம் ரோட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன்.

உங்கள் கம்பெனியிலும் ஒரு சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருக்கும். நாளைக்கு அதைத் திறந்து, அதன் வெர்ஷன் நம்பரைத் தேடி, துணிக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த மாதம் மறுபடி பாருங்கள். முதல் எண் மாறியிருந்தால், துணிக்கு ஆர்டர் போடும் முன் விற்றவருக்குப் போன் போட்டு, என்ன மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.